மகளுக்கு முதல் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும் மாடல்) விமானம்: எதை வாங்குவது, எப்படித் தயார் செய்வது? (காட்பாடி)

காட்பாடி_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். தெர்மோகோலை வெட்டி கிளைடர் செய்து மாடியிலிருந்து விட்டு விட்டு, எங்கள் தெருவில் பாதி வீட்டு மொட்டை மாடியில் அவள் விமானம்தான் கிடக்கிறது. போன வருடம் ஆசைப்பட்டாளே என்று ஆன்லைனில் ஒரு ரிமோட் ஜெட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சேனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கக்கூடியது இரண்டே இரண்டு), பெட்டியில் படம் அட்டகாசம். கையை விட்டதும் நேராகப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது. எடுக்கலாம் என்று நான் ஏற, முருங்கைக் கிளைதான் தெரியுமே, ஒடிந்து என்னோடு சேர்ந்து கீழே வந்தது. அந்த வீட்டு அக்கா ஒரு மாதம் பேசவில்லை, காயும் தரவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பார்க்கிறேன். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடியுமா? மூன்று சேனலா நான்கு சேனலா? ரெடிமேடா, நாமே வெட்டி ஒட்டுவதா? எனக்கு சால்டரிங் வரும், விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்கு மறுபடியும் ஜெட் மாதிரிதான் வேண்டுமாம். அப்புறம் எங்கே ஓட்டுவது, அனுமதி ஏதாவது வாங்கணுமா? அரக்கோணத்தில் கடற்படை விமான தளம் இருப்பதால் நம் பக்கமே ஓட்டக்கூடாது என்று ஆபீசில் ஒருவர் பயமுறுத்துகிறார்.

சத்துவாச்சாரி_மணல் எழுதியது:

அண்ணே, பாப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜெட் இப்போது கிடையாது. ஜெட், போர் விமானம் மாதிரி மாடலுக்கெல்லாம் இறக்கை சின்னது, கனம் அதிகம், வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். கொஞ்சம் வேகம் குறைத்தால் பொத்தென்று விழும். கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது யோசிக்க நேரம். அதைத் தருவது மெதுவாகப் பறக்கிற விமானம்தான், பார்க்க மாட்டு வண்டி மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

ட்ரெய்னர் என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாமல் இறக்கையைப் பாருங்கள். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கி, அகல விரித்த 'வி' மாதிரி தெரிய வேண்டும். இதற்கு டைஹெட்ரல் என்று பெயர். ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே சறுக்க ஆரம்பித்தால் தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து விமானம் தானாகவே நிமிரும். அதாவது, என்ன செய்வது என்று தெரியாமல் நீங்கள் ரிமோட்டின் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் பெரும்பாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் வளைந்தும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 1 மீட்டருக்குக் குறையாமல், 1.2 முதல் 1.4 மீட்டர் இருந்தால் உத்தமம். சின்ன விமானம் விலை குறைவுதான், ஆனால் காற்று கொஞ்சம் அடித்தாலே பட்டாம்பூச்சி மாதிரி ஆடும், கொஞ்சம் தள்ளிப் போனாலே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், ரிமோட்டில் போடுங்கள். விமானம் எப்படியும் உடையும், ரிமோட் பத்து வருடம் கூட வரும். எஃப்எஸ்-ஐ6 மாதிரி ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ், 6 சேனல் ரிமோட்டும் அதோடு வரும், விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரும் போதும். 'மோட் 2' கேட்டு வாங்குங்கள், த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) இடது கையில் இருக்கும், இங்கே நாங்கள் எல்லோரும் அதுதான், சிக்கல் வந்தால் ரிமோட்டை வாங்கி இறக்கிக் கொடுக்கவும் வசதி.

மோட்டாருக்கு ஏ2212, 1000 கேவி. கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை, சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு. 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 3எஸ், அதாவது மூன்று செல் உள்ள 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 10க்கு 4.5 அங்குல ப்ரொப்பெல்லர், வால், இறக்கைப் பலகைகளை அசைக்க 9 கிராம் சர்வோ (குட்டி மோட்டார்) நான்கு. இந்தக் கூட்டணி சுமார் 800 கிராம் இழுக்கும், ஒரு கிலோவுக்குள் இருக்கும் ட்ரெய்னருக்கு அது தாராளம். ப்ரொப்பெல்லர் மட்டும் ஒன்று வாங்காதீர்கள், ஐந்தாக வாங்குங்கள். ஏன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஜைரோ (தானாகச் சமநிலை பார்க்கும் கருவி) வைத்த ரெடிமேட் விமானங்கள் நன்றாகத்தான் பறக்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூக்கு உடைந்தால் அதே கம்பெனி மூக்குக்காகக் காத்திருக்க வேண்டும்.

குடியாத்தம்_தெர்மோகோல் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதில் நான்கு சர்வோவில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் விமானத்துக்கு மூன்று சேனல் போதும். த்ராட்டில், எலிவேட்டர் (மூக்கை மேலே கீழே ஆக்கும் வால் பலகை), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் பலகை), அவ்வளவுதான். டைஹெட்ரல் நன்றாக இருந்தால் ரட்டரை அசைத்தாலே விமானம் அழகாகச் சாய்ந்து திரும்பும், இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் எய்லரான் தேவையே இல்லை. இரண்டு சர்வோ மிச்சம், கனம் மிச்சம், தப்பு செய்ய இடமும் குறைவு. ஆனால் ஒன்று, ரட்டர் சர்வோவை ரிசீவரில் எய்லரான் இருக்கும் முதல் சேனலில் செருகுங்கள். அப்போதுதான் வலது ஸ்டிக்கில் திருப்பிப் பழகுவீர்கள், பின்னால் நான்கு சேனலுக்குப் போகும்போது கட்டைவிரலுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சால்டரிங் வரும் என்கிறீர்கள், பாப்பா கிளைடர் செய்கிறாள், அப்புறம் எதற்கு ரெடிமேட்? ஃபிளைட் டெஸ்ட் என்கிற ஆர்சி விமானக் குழு இணையத்தில் இலவசமாகவே பிளான் போட்டிருக்கிறது, பிரிண்ட் எடுத்து ஃபோம் போர்டில் வெட்ட வேண்டியதுதான். கடையில் 5 மிமீ ஃபோம் போர்டு என்று கேளுங்கள். சன்போர்டு என்று கேட்டால் பெயர்ப் பலகைக்கு ஆகும் பிளாஸ்டிக்கைக் கொடுப்பார்கள், கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும், அதில் விமானம் செய்தால் பறக்காது, வேண்டுமானால் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் மாட்டலாம்.

பசை விஷயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். முதல் விமானம் வெள்ளைத் தெர்மோகோல். ராத்திரி பதினொரு மணி, இறக்கை நடுவில் லேசாக விரிசல், ஃபெவிக்விக் இரண்டு சொட்டு விட்டேன். சுர்ர் என்று சத்தம். விரிசல் இருந்த இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை, அது கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே போகிறது. நைனா எட்டிப் பார்த்துவிட்டு "எலி கடிச்சுதா?" என்று கேட்டார். தெர்மோகோலை அந்தப் பசை கரைத்துவிடும். ரெடிமேடில் வரும் ஈபிஓ ஃபோமுக்கு ஒன்றும் ஆகாது. ஃபோம் போர்டுக்கு ஹாட் க்ளூ, அதுவும் கஞ்சத்தனமாக. பசையும் கனம்தான், வால் பக்கம் தாராளமாக ஊற்றினால் பின்னால் அழுவீர்கள். இறக்கைக்குள் குறுக்கே ஒரு மூங்கில் பட்டையோ கார்பன் குழாயோ வைத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தலைகுப்புற இறங்குவதைத் தூக்கும்போது கை தட்டுகிற மாதிரி மடங்கிவிடும்.

அரக்கோணம்_ரன்வே எழுதியது:

ஆபீஸ் நண்பர் சொல்வது முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. ஐஎன்எஸ் ரஜாளி என்கிற அந்தக் கடற்படைத் தளம் 1992லிருந்து இங்கே இருக்கிறது. தளத்தைச் சுற்றி ஓட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், அது விளையாட்டுக் காரியம் இல்லை. காட்பாடி அங்கிருந்து எத்தனையோ தூரம். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது அப்துல்லாபுரம் விமான நிலையம், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

2021 ட்ரோன் விதிகளில் ஆர்சி விமானத்துக்கும் இடம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும், கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓட்டுகிற, 25 கிலோவுக்கு மிகாத விமானத்தை 'மாடல்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அதற்கு டைப் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை வணிக நோக்கமில்லாமல் ஓட்டினால் பைலட் உரிமமும் வேண்டாம். இடத்துக்குத்தான் கட்டுப்பாடு. பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத பகுதியில், 400 அடி வரை போகலாம். இயங்குகிற விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான், அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் போகக்கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசு ட்ரோன் இணையதள வரைபடத்தில் நீங்கள் ஓட்டப் போகும் இடத்தைத் தொட்டு நிறம் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் பாருங்கள், அது மாறும். தொரப்பாடி பக்கம் மைதானம் காலியாகக் கிடக்கிறதே என்று போய்விடாதீர்கள், மத்திய சிறை இருக்கிறது.

சம்பந்தம் இல்லாமல் ஒன்று. 2017 வரை இங்கே டியூ-142 என்கிற பெரிய கடற்படை ரோந்து விமானம் இருந்தது. நாங்கள் சின்னப் பசங்களாக இருந்தபோது அது கிளம்பினால் தட்டில் இருக்கும் டம்ளர் அதிரும். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் இரண்டு ப்ரொப்பெல்லர், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்றின் முறுக்கை மற்றது சரிக்கட்டிவிடும். நம் மாடலில் ஒற்றை ப்ரொப்பெல்லர், சரிக்கட்ட ஆள் இல்லை, முழு த்ராட்டில் கொடுத்தால் இடது பக்கம் இழுக்கும். சரி, சம்பந்தம் இருக்கிறது போல. அதனால்தான் மோட்டாரை மாட்டும்போது விமானத்தின் வலது பக்கம் இரண்டு மூன்று டிகிரியும், கீழ்நோக்கி அதே அளவும் திருப்பி வைப்பார்கள். கோணலாக இருக்கிறதே என்று அதை நேராக்கிவிடாதீர்கள்.

காட்பாடி_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரிமோட், மோட்டார் எல்லாம் வந்துவிட்டது. ஃபோம் போர்டில் மூன்று சேனல் விமானம், மூன்று ஞாயிற்றுக்கிழமை, பாதிக்கு மேல் அவள்தான் வெட்டினாள். ஜெட் பேச்சு நின்றுவிட்டது, ஆனால் வாலில் சுறா பல் வரைந்திருக்கிறாள். வாலில் ஏன் பல் என்று கேட்கக்கூடாதாம்.

இரண்டு பிரச்சினை. நேற்று மேசை மேல் வைத்து த்ராட்டில் கொடுத்தால் விமானம் பின்னாலே நகர்கிறது. இரண்டாவது, பேட்டரியை எவ்வளவு முன்னே தள்ளினாலும் வால்தான் கீழே போகிறது. இறக்கையின் அகலம் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை) 20 செமீ, எங்கே பிடித்துத் தூக்கிப் பார்ப்பது?

ஆற்காடு_சர்வோ எழுதியது:

மேசை மேல், வீட்டுக்குள், ப்ரொப்பெல்லரை மாட்டி, பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டா? சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் அதைக் கழற்றி வையுங்கள். 10 அங்குல ப்ரொப்பெல்லர் விரலைப் பதம் பார்த்தால் தையல் போட வேண்டியிருக்கும். எல்லா அமைப்பும் முடிந்து ஓட்டும் இடத்துக்குப் போன பிறகுதான் அதை மாட்டுவது.

பின்னால் நகர்ந்தால் மோட்டார் தப்பான பக்கம் சுற்றுகிறது. மோட்டாரிலிருந்து ஈஎஸ்சிக்குப் போகும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், திசை மாறிவிடும். ப்ரொப்பெல்லரில் எழுத்து பொறித்த பக்கம் விமானம் போகும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டியிருந்தாலும் இழுக்கும், ஆனால் சவலையாக இழுக்கும், மோட்டார்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எடை மையத்துக்கு வருவோம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் 20 செமீக்கு 5லிருந்து சுமார் ஆறரை செமீ. அடியில் இரண்டு பக்கமும் 5 செமீயில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள், பேட்டரி உள்ளே இருக்க, இரண்டு ஆள்காட்டி விரலால் அந்தப் புள்ளியில் தூக்குங்கள். சமமாகவோ மூக்கு ஒரு சொட்டு தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்க விடாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். மூக்கு கனமான விமானம் சோம்பேறியாகப் பறக்கும், திட்டிக்கொண்டே ஓட்டி இறக்கலாம். வால் கனமானது கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, நின்று, புரண்டு விழும், உங்களுக்கு ஸ்டிக் அசைக்கவே நேரம் இருக்காது. மூக்கில் ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். அதற்கு முன் வாலில் எவ்வளவு பசை கொட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், குடியாத்தத்துக்காரர் சொன்னாரே.

பிறகு திசை. இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. காய்ந்த ஏரிக்குள், புது விமானம், நான்கு சேனல், மூன்று மாத உழைப்பு, கூட நான்கு நண்பர்கள், ஒருவர் வீடியோ. கையை விட்டேன், இடது பக்கம் சாய்ந்தது, வலது கொடுத்தேன், இன்னும் சாய்ந்தது, இன்னும் வலது கொடுத்தேன். மூன்று வினாடி. எய்லரான் தலைகீழாக வைத்திருந்தேன். வீட்டில் பத்துத் தடவை ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தேன், அசைகிறதா என்றுதான் பார்த்தேனே தவிர எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அந்த வீடியோ இப்போதும் எங்கள் குரூப்பில் பொங்கலுக்குப் பொங்கல் வரும்.

அதனால் விமானத்துக்குப் பின்னால் நின்று, வால் உங்களைப் பார்த்திருக்க, பாருங்கள். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின் விளிம்பு மேலே வர வேண்டும். வலது என்றால் ரட்டர் வலது போக வேண்டும். நான்கு சேனலுக்குப் போகும்போது, வலது கொடுத்தால் வலது எய்லரான் மேலே, இடது கீழே. பாப்பாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், "இழுத்தால் மேலே, வலதுன்னா வலது" என்று, ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும். எலிவேட்டர் அசைவை ஆரம்பத்தில் ஒரு செமீ அளவுக்குக் குறைத்து வையுங்கள், எக்ஸ்போ (ஸ்டிக் நடுவில் இருக்கும்போது அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம், ரிமோட் திரையில் கோடு நடுவில் படுத்து ஓரத்தில் எழும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்கிற அமைப்பில், த்ராட்டில் பூஜ்யம். வைத்துவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள், மோட்டார் நிற்க வேண்டும்.

பேட்டரி பற்றி ஒன்றே ஒன்று, நம் ஊர் வெயிலுக்காக. லிப்போவை பைக் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சார்ஜ் முழுசாக ஏறினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், பறக்கும்போது 3.5க்குக் கீழே விடக்கூடாது, வாரக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் 3.8இல் வையுங்கள். ரிமோட்டில் டைமர் 6 நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள், சத்தம் கேட்டதும் இறக்க வேண்டியதுதான், இன்னும் ஒரு ரவுண்டு என்று ஆரம்பித்தால் வேலிகாத்தானில்தான் போய் முடியும்.

சத்துவாச்சாரி_மணல் எழுதியது:

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உங்கள் ஃபோம் போர்டு எம்மாத்திரம். ஆடி முடியட்டும். அதுவரை பிகாசிம் மாதிரி ஆர்சி விமான சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுப் பழகச் சொல்லுங்கள். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிவிடும், அதில்தான் எல்லோரும் விழுவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, முட்டுக் கொடுக்கிற மாதிரி. பத்து நாள் சிமுலேட்டரில் அடித்தால் கைக்கு வந்துவிடும்.

ஓட்டுவதற்கு வரைபடத்தில் பச்சையாக இருக்கும் பாலாற்றுப் பகுதிக்குப் போவோம். நீரில்லா ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்கிறார்கள், நமக்கு அதுதான் ரன்வே. பாலத்துக்கும் மின்கம்பிக்கும் ரொம்பத் தள்ளி, காலை 6 மணிக்கு. ஏழரைக்கு மேல் மணல் சூடாகி அனல் மேலே கிளம்பும், விமானம் காரணமில்லாமல் துள்ளும். மணலில் இறங்கினால் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆற்று மணலில் இருக்கும் கறுப்புப் பொடி காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு நறநற என்கும். சைக்கிள் பம்பால் ஊதினால் போய்விடும்.

காட்பாடி_அப்பா எழுதியது:

புரட்டாசி இரண்டாவது ஞாயிறு, பறந்துவிட்டது! நாணயம் இரண்டு போதவில்லை, மூன்று. சத்துவாச்சாரி அண்ணன் முக்கால் த்ராட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி, காற்றுக்கு எதிரே நான்கு அடி ஓடி, மேலே வீசாமல் நேராகத் தள்ளிவிட்டார். மூன்று தென்னை உயரம் போனதும் ட்ரிம் (கோணாமல் நேராகப் பறக்க வைக்கும் ரிமோட் பொத்தான்) இரண்டு க்ளிக் மாற்றிவிட்டு ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். எனக்குத்தான் கை நடுங்கியது. இரண்டு ரவுண்டு அவளே ஓட்டினாள், எதிரே வந்தபோது ஒரு தடவை தடுமாறி, "முட்டு, முட்டு" என்று அவளே கத்திக்கொண்டு நிமிர்த்தினாள். இறங்கும்போது ப்ரொப்பெல்லர் ஒன்று காலி. ஐந்து வாங்கச் சொன்னது இப்போது புரிகிறது.

(அப்பா ஃபோனில் நான் எழுதுகிறேன். அங்கிள், அடுத்து ஜெட் எப்போ?)

சத்துவாச்சாரி_மணல் எழுதியது:

ஐம்பது தடவை உடையாமல் இறக்கிவிட்டு வா பாப்பா, அப்புறம் எய்லரான் போட்ட இறக்கை ஒன்று செய்வோம், ஜெட்டை அதற்கப்புறம் பேசலாம். இந்த ஞாயிறும் 6 மணி. அப்பாவிடம் 2 மிமீ ஆலன் கீ ஒன்று எடுத்துவரச் சொல், என்னுடையது போன வாரம் மணலில் விழுந்தது, தேடிப் பார்த்தாகிவிட்டது.